டாலரன்ஸ் கட்டம் சொல்வது என்ன? ஆய்வு மேஜையில் தீராத ஒரு வழக்கு

கடைந்து முடித்த ஒரு பாகம் ஆய்வு மேஜைக்கு வருகிறது. டிராயிங்கில் ஒரு செவ்வகக் கட்டம்: ஒரு குறி, 0.2 என்ற எண், அதையடுத்து வட்டத்துக்குள் 'எம்', பிறகு ஏ, பி, சி என்று மூன்று எழுத்துகள். பாகத்தைச் செய்தவரின் ஆய்வாளர் அளந்துவிட்டு 'சரி' என்கிறார். வாங்குபவரின் ஆய்வாளர் அதே பாகத்தை அளந்துவிட்டுத் தள்ளுபடி செய்கிறார். இருவரின் கருவிகளும் காலிபரேஷன் முடிந்தவை, இருவருக்கும் அளக்கத் தெரியும். தகராறு அளவைப் பற்றியதல்ல, வாசிப்பைப் பற்றியது. அந்தக் கட்டம் கேட்பது ஓர் எண்ணையா, பாகம் தாண்டக் கூடாத ஓர் எல்லையையா, அல்லது அளக்கும் முறையையே அது விதிக்கிறதா?

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பதிலும் அதற்கு முந்தியதன் ஓட்டையை அடைக்க வந்தது. அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்றைத் திறந்தும் வைத்தது.

கேஜ் பேசிய காலம்

முதல் தெளிவான பதில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து வந்தது. லென்ஸ் தயாரித்த டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் நிறுவனத்தின் வில்லியம் டெய்லர் 1905இல் கேஜ்களுக்கு ஒரு காப்புரிமை பெற்றார். அவர் வகுத்த விதி சுருக்கமானது. 'கோ' கேஜ் பாகத்தின் முழு வடிவத்தையும் முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும். 'நோ-கோ' கேஜ் ஒவ்வொரு அளவையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். துளைக்கு 'கோ' என்றால் துளையின் நீளத்துக்கு ஒரு முழு பிளக். 'நோ-கோ' என்றால் இரண்டு முனைகள் மட்டும் தொடும் ஒரு கம்பி.

டிராயிங்கில் உள்ள எண் ஜோடிப் பாகத்தின் பிரதிநிதி என்பதுதான் இந்த விதியின் உட்பொருள். பாகம் பொருந்துமா என்பதே கேள்வி. கேஜ் அந்த ஜோடியாக நடிக்கிறது. அசெம்பிளிதான் நோக்கம் என்றால் இதைவிட நேரடியான வாசிப்பு இன்றுவரை கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

குறைகளும் அப்போதே தெரிந்தவைதான். கேஜ் 'போகும்', 'போகாது' என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசாது. டூல் தேய்ந்து அளவு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அது காட்டாது. கேஜைச் செய்யவும் ஒரு டாலரன்ஸ் வேண்டும், அதைப் பாகத்தின் டாலரன்ஸிலிருந்துதான் வெட்டியெடுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்பது பழகிப்போன வழக்கம். அந்தப் பத்தில் ஒன்றுக்குள் விழும் நல்ல பாகங்கள் குப்பைக்குப் போகின்றன.

சதுரத்திலிருந்து வட்டத்துக்கு

துளை எவ்வளவு பெரிது என்பதற்கு டெய்லர் பதில் சொன்னார். துளை எங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த ராயல் டார்பிடோ ஃபேக்டரியில் பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர் கவனித்தது இது: துளையின் மையத்துக்கு இரண்டு திசையிலும் ±0.1 மி.மீ. கொடுத்தால் கிடைப்பது ஒரு சதுரம். சதுரத்தின் மூலையில் உட்கார்ந்த மையம் உண்மையிடத்திலிருந்து 0.14 மி.மீ. தள்ளி இருக்கிறது, அது தேறுகிறது. நேர்திசையில் 0.13 மட்டும் விலகிய மையம் தள்ளுபடி ஆகிறது. போல்ட்டுக்குத் திசை ஏது? மூலை செல்லுமென்றால் அதே தூரத்தில் எல்லாப் பக்கமும் செல்ல வேண்டும். அப்படிச் சதுரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் இடம் 57 விழுக்காடு கூடுகிறது. 1938 அளவில் உருவான இந்தச் சிந்தனை 1940இல் அவர் வெளியிட்ட குறிப்புகளில் அச்சேறியது. போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கு வீணான பாகங்கள் குறைவது சிறிய விஷயமில்லை.

போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் 1949இல் மில்-எஸ்டிடி-8 என்ற தரநிலையை வெளியிட்டது. 1957இல் ஒய்14.5 வரிசை தொடங்கியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இ இன்று வெளியிடும் தரநிலை அதன் வாரிசு. ஐஎஸ்ஓ 1101 தனியே 1969இல் பரிந்துரையாகத் தொடங்கியது. குறிகள் பெரும்பாலும் ஒன்றாகவே வளர்ந்தன. அவற்றின் பொருள் அப்படி வளரவில்லை, இன்றைய தகராறுகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அச்சா, பரப்பா?

வட்டத்துக்குள் 'எம்' இருந்தால் எம்எம்சி, அதாவது பாகத்தில் உலோகம் அதிகபட்சமாக இருக்கும் நிலை. துளையென்றால் அதன் மிகச் சிறிய அளவு. துளை அதைவிடப் பெரிதானால், பெரிதான அளவு 'போனஸ்' டாலரன்ஸாகச் சேரும். 10.0 முதல் 10.2 வரை அனுமதிக்கப்பட்ட துளைக்கு எம்எம்சியில் பொசிஷன், அதாவது இடத்துக்கான டாலரன்ஸ், 0.2 என்றால், 9.8 மி.மீ. விட்டமுள்ள ஒரு பின் சரியான இடத்தில் நின்று உள்ளே போனால் போதும் என்று பொருள். பாடப்புத்தகத்தில் இதோடு முடிந்துவிடும்.

மேஜையில் முடிவதில்லை. சற்று நீள்வட்டமாகிப்போன ஒரு துளையை எடுத்துக்கொள்வோம்: குறுகிய பக்கம் 10.02, நீண்ட பக்கம் 10.18. அதன் மையம் நீண்ட பக்கத்தின் திசையில் 0.135 மி.மீ. விலகியிருக்கிறது. அச்சை வைத்து வாசிப்பவர் துளைக்குள் நுழையும் மிகப்பெரிய உருளையைத் தேடுவார், அது 10.02. போனஸ் 0.02, மொத்த டாலரன்ஸ் 0.22. விலகலை இரட்டித்தால் 0.27. தள்ளுபடி. பரப்பை வைத்து வாசிப்பவர் 9.8 பின்னைச் செருகுவார். துளை விலகிய திசையிலேயே நீண்டும் இருப்பதால் பின் எந்தச் சுவரையும் தொடாமல் உள்ளே போகும். தேறியது. மூன்றாவதாக ஒருவர், பட்டறைகளில் அதிகம் காணப்படுபவர், இரண்டு அளவுகளின் சராசரி 10.10 என்று எடுத்துப் போனஸ் 0.10 கொடுப்பார். அவரும் தேற்றுவார், ஆனால் தவறான காரணத்துக்காக.

அமெரிக்கத் தரநிலை இந்த மோதலை அறியாமல் இல்லை. வடிவப் பிழை பெரிதாகி இரு வாசிப்புகளும் பிரிந்தால் பரப்பு வாசிப்பே முதன்மை என்று 1994 பதிப்பிலிருந்தே சொல்லிவருகிறது. நியாயமான தீர்ப்பு, ஏனென்றால் எம்எம்சி என்ற ஏற்பாடே டெய்லரின் கேஜுக்குப் பிறந்த பிள்ளை. சிக்கல் என்னவென்றால், அளக்கும் மென்பொருள்கள் வழக்கமாக அச்சு வழியில்தான் கணக்குப் போடுகின்றன. அறிக்கையில் அச்சாகும் எண் தரநிலை இரண்டாம் இடத்தில் வைத்த வாசிப்பின் எண் என்பது கையெழுத்துப் போடுபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது கேள்விதான்.

எம்எம்சி இல்லாத இடத்தில், துளையின் அளவு எதுவானாலும் டாலரன்ஸ் மாறாத நிலையில், இந்த வாதம் எழாது. ஆனால் எம்எம்சி 'இல்லை' என்பதை எப்படி அறிவது? 1982 பதிப்பின்படி பொசிஷனுக்கு எந்த நிலை என்பதை எழுதியே ஆக வேண்டும். 1994 பதிப்பின்படி எழுதாவிட்டால் போனஸ் கிடையாது. கட்டம் ஒன்றே, ஆண்டு மாறினால் வெற்றிடத்தின் பொருளும் மாறுகிறது.

உறை வேண்டுமா, வேண்டாமா?

பெரிய பிளவு இன்னும் எளிமையான இடத்தில் இருக்கிறது. கட்டமே இல்லாத, வெறும் விட்டம் மட்டும் எழுதிய இடத்தில்.

20 மி.மீ. பின், டாலரன்ஸ் 0 முதல் −0.05 வரை, நீளம் 150. மைக்ரோமீட்டரில் எங்கே பிடித்தாலும் 19.97. ஆனால் பின் 0.06 மி.மீ. வளைந்திருக்கிறது. ஏஎஸ்எம்இ டிராயிங்கில் இது தள்ளுபடி. அங்கே அளவு டாலரன்ஸ் வடிவத்தையும் சேர்த்தே கட்டுகிறது: 20.00 மி.மீ. கொண்ட குறையற்ற ஓர் உறைக்குள் பின் முழுதும் அடங்க வேண்டும். வளைவோடு சேர்த்து இதற்கு 20.03 தேவைப்படுகிறது. இதை 'முதல் விதி' என்பார்கள். ஐஎஸ்ஓ டிராயிங்கில் அதே பின் அளவில் தேறும். அங்கே எதிரெதிரான இரண்டு புள்ளிகளுக்கிடையே உள்ள தூரமே இயல்பான அளவு. வளைவைக் கட்டுப்படுத்த விரும்புகிறவர் தனியே எழுத வேண்டும், அல்லது அளவுக்குப் பின் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு உறையைக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டு மரபுகளுக்கும் நியாயம் உண்டு. உறை மரபு டெய்லரின் நேர் வாரிசு. வடிவமைப்பாளர் எழுத மறந்தாலும் பொருத்தம் காப்பாற்றப்படும். ஆனால் எதனோடும் பொருத்தப்படாத ஒரு பாகத்துக்கும் அது வீணான கடுமையை விதிக்கும். அளவையும் வடிவத்தையும் தனித்தனியே பார்க்கும் ஐஎஸ்ஓவின் தனித்தன்மை மரபு எழுதியதை மட்டும் கேட்கிறது. அது நேர்மையானது, எழுதாததை மன்னிக்காது.

ஐஎஸ்ஓ 8015 முதலில் 1985இல் வந்தபோது, டிராயிங்கில் அதன் பெயரைக் குறித்தால் மட்டுமே தனித்தன்மை செல்லும் என்றிருந்தது. 2011 பதிப்பில் நிலை தலைகீழானது: ஐஎஸ்ஓவின் டாலரன்ஸ் தரநிலை வரிசையில் எந்த ஒன்றைப் பயன்படுத்தினாலும் முழு வரிசையும் விதிகளோடு உள்ளே வந்துவிடும். ஜெர்மனியில் டிஐஎன் 7167இன்படி எதுவும் சொல்லாத டிராயிங்கில் உறையே இயல்பு. பின்னர் அந்தத் தரநிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆகவே பழைய ஜெர்மன் டிராயிங் ஒன்றைப் புதிய தலைப்புக் கட்டத்தில் அப்படியே நகலெடுத்தால், ஒரு கோடுகூட மாறாமல் பாகத்தின் பொருள் தளர்ந்துவிடக்கூடும். அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் ஒரே கூரையின் கீழ் அமெரிக்க, ஐரோப்பிய டிராயிங்குகளுக்கு வேலை நடக்கிறது. அங்கே இது ஏட்டுச் சிக்கல் அல்ல.

டேட்டம்: எங்கிருந்து அளப்பது?

டாலரன்ஸ் எண்ணைப் பற்றி நடக்கும் சண்டைகளை ஓரளவு கூர்ந்து பார்த்தால், பலவற்றின் வேர் எண்ணில் இருப்பதில்லை. கட்டத்தின் கடைசியில் உள்ள எழுத்துகளில் இருக்கிறது.

டேட்டம் ஏ என்பது பாகத்தின் அடிமுகம் அல்ல; அடிமுகத்திலிருந்து பெறப்படும் ஒரு குறையற்ற தளம். எப்படிப் பெறுவது என்பதில்தான் வேறுபாடு. முகம் குழிந்திருந்தால் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்தவுடன் விளிம்புகள் ஊன்றி நின்றுவிடும். முகம் நடுவில் புடைத்திருந்தால் சமமில்லாத தரையில் நிற்கும் நாற்காலிபோல் ஆடும். 100 மி.மீ. அகலமான முகத்தின் நடுவில் 0.04 புடைப்பு என்று வைப்போம். நடுவும் ஒரு விளிம்பும் தொடுமாறு சாய்த்தால் சாய்வு 50 மி.மீ.க்கு 0.04. இந்த முகத்துக்குச் செங்குத்தான 60 மி.மீ. ஆழத் துளை இருந்தால், அதன் செங்குத்துப் பிழை இந்த ஆட்டத்தால் மட்டுமே சுமார் 0.048 வரை மாறும். டாலரன்ஸ் 0.05ஆக இருக்கும்போது, பாகத்தைப் பிளேட்டில் எந்தப் பக்கம் அழுத்திப் பிடித்தோம் என்பதே தீர்ப்பாகிவிடுகிறது.

இதற்கு வந்த பதில்கள் ஒன்றையொன்று மறுப்பவை. 1981இன் ஐஎஸ்ஓ 5459 ஆட்டத்தை இரு பக்கமும் சமன் செய்து, தேவையானால் முட்டுக்கொடுத்து நிறுத்தச் சொன்னது. கைத்திறனுள்ள ஆய்வாளருக்கு அது போதுமானது, கணினிக்குப் போதாது. 1994இல் அமெரிக்கா ஒய்14.5.1 என்ற கணித வரையறையை வெளியிட்டபோது மாறுபட்ட வழியில் போனது: நியாயமான எல்லா நிலைகளும் 'வேட்பாளர் டேட்டம்'. அவற்றில் எதையாவது ஒன்றை வைத்துப் பாகம் தேறினால் தேறியதாகவே கொள். பாகத்தைச் செய்பவருக்கு இது பெருந்தன்மை. தன் பாகத்துக்குச் சாதகமான நிலையைத் தேடிப் பிடிக்க வாய்ப்புக் கொடுப்பதால், வாங்குபவருக்கு இது ஓட்டை. 2018 ஒய்14.5 பதிப்பு அந்தப் பெருந்தன்மையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது: பாகம் ஆடினால், முகத்துக்கும் டேட்டம் தளத்துக்கும் இடைவெளி மிகக் குறையும் ஒரே ஒரு நிலைதான் இயல்பு, வேட்பாளர் முறை வேண்டுமென்றால் டிராயிங்கில் கேட்க வேண்டும். ஐஎஸ்ஓ 5459இன் 2011 பதிப்பும் ஒரே தீர்வு தரும் கணித வழிக்கே நகர்ந்தது, ஆனால் அதே கணிதத்துக்கு அல்ல.

ஒரே தீர்வு என்பது ஒப்பந்தத்துக்கு நல்லது. பாகத்துக்கு நல்லதா என்பது வேறு. அசெம்பிளியில் நான்கு போல்ட் முறுக்கி அழுத்தும்போது அந்த முகம் எப்படி உட்காரும் என்பதை இந்தக் கணிதங்கள் எதுவும் பேசவில்லை. மூன்று சிறு இடங்களைக் குறித்து 'இங்கே மட்டும் ஊன்று' என்று சொல்லும் டேட்டம் டார்கெட் வழி வார்ப்புப் பாகங்களுக்காகப் பெரிதும் பழகியது; கடைந்த பாகங்களிலும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினால் இந்த வாதங்களில் பெரும்பகுதி எழாமலேயே போகும் என்று கருத இடமுண்டு.

இயந்திரத்துக்குள் எடுக்கப்படும் முடிவுகள்

1972இல் ரோல்ஸ்-ராய்ஸில் இருந்த டேவிட் மெக்மர்ட்ரி, கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சின் குழாய்களை அளப்பதற்காகத் தொட்டவுடன் சமிக்ஞை தரும் ப்ரோபைக் கண்டுபிடித்தார். அதன்பின், பாகத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் இயந்திரமான சிஎம்எம் ஆய்வறையின் அரசனானது. கேஜ் பேசிய இடத்தில் இப்போது புள்ளிகள் பேசின. புள்ளிகள் தாமாகப் பேசாது. அவற்றின் மேல் ஒரு தளத்தையோ உருளையையோ பொருத்த வேண்டும்.

பொருத்தும் முறைகள் பல. எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே செல்லும் குறைந்த வர்க்க முறை கணக்கிட எளிது, தூசிக்கு அஞ்சாது. ஆனால் சர்ஃபேஸ் பிளேட்டின் தளம் நடுவே செல்வதில்லை, உச்சிகளைத் தொட்டு நிற்கிறது. வடிவப் பிழைக்குத் தரநிலைகள் கேட்பது மிகக் குறுகிய மண்டலத்தை. குறைந்த வர்க்க முறை அதைவிடப் பெரிய எண்ணையே தரக்கூடும், நல்ல பாகத்தைத் தள்ளக்கூடும். 1988இல் அமெரிக்க அரசும் தொழில்துறையும் தகவல் பகிரும் ஜைடெப் அமைப்பு வழியாக ஓர் எச்சரிக்கை வெளியானது: ஒரே புள்ளிகளைக் கொடுத்தாலும் வெவ்வேறு சிஎம்எம் மென்பொருள்கள் வெவ்வேறு விடை தருகின்றன என்று. ஆய்வறைகளுக்கு அது அதிர்ச்சி. ஒய்14.5.1 என்ற கணித வரையறை உருவானதும், மென்பொருள்களையே சோதிக்கும் ஏற்பாடுகள் வந்ததும் அதன் பின்னணியில்தான்.

புள்ளிகளின் எண்ணிக்கை இன்னும் தனிச்சிக்கல். மூன்று புள்ளிகளில் தளத்தை எடுத்தால் ஃபிளாட்னஸ் பிழை எப்போதும் பூஜ்யம். மூன்றில் வட்டத்தை எடுத்தாலும் அப்படியே. மூன்று முகடு கொண்ட தண்டை மைக்ரோமீட்டர் சுற்றிச் சுற்றிப் பிடித்தாலும் ஒரே விட்டத்தைக் காட்டக்கூடும். எத்தனை புள்ளி என்று டாலரன்ஸ் கட்டம் சொல்வதில்லை. ஐஎஸ்ஓ 17450 வரிசை இந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுப் பிரித்தது: பரப்பைப் பிரித்தெடுத்தல், புள்ளி எடுத்தல், வடிகட்டல், பொருத்தல். வடிவமைப்பாளர் சொன்ன படிகளை ஆய்வாளர் அப்படியே பிரதிபலிக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. கொள்கையளவில் இது முழுமையான பதில். டிராயிங்கில் அத்தனையையும் எழுத யார் இருக்கிறார்கள், எழுதினால் யார் வாசிப்பார்கள் என்பதே அதன் பலவீனம்.

மேற்பரப்பு ப்ரொஃபைல் அறிக்கைகளில் இதைவிடச் சாதாரணமான ஒரு பிழை தொடர்ந்து நிகழ்கிறது. டாலரன்ஸ் 0.12, சமமாக இரு பக்கமும். அளந்தது ஒரு பக்கம் +0.08, மறுபக்கம் −0.02. இரண்டையும் கூட்டி 0.10 என்று எழுதினால் தேறியதுபோல் தெரியும். மண்டலமோ ±0.06தான், 0.08 வெளியே. சரியான எண் பெரிய விலகலின் இரட்டிப்பு, 0.16.

ஒரு குறி, இரண்டு சட்டம்

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம்: கான்சென்ட்ரிசிட்டி. ஐஎஸ்ஓவில் ஒரு உருளையின் அச்சு டேட்டம் அச்சிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதே அதன் பொருள். ஏஎஸ்எம்இயில் அது அச்சைப் பற்றியதல்ல. எதிரெதிர்ப் புள்ளிகளின் நடுப்புள்ளிகள் அனைத்தும் மண்டலத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. அளக்கக் கடினம், தேவைப்படும் இடமும் அரிது. பலர் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் ரன்அவுட்டை, அதாவது சுழற்றும்போது தெரியும் ஆட்டத்தை, எடுத்து இந்தக் கட்டத்துக்கு எதிரே எழுதினார்கள். ரன்அவுட்டில் வட்டப் பிழையும் கலந்து வரும். 2018இல் ஏஎஸ்எம்இ கான்சென்ட்ரிசிட்டியையும் சிமெட்ரியையும் தரநிலையிலிருந்தே நீக்கிவிட்டது. தாமதமான, ஆனால் சரியான முடிவு. ஐஎஸ்ஓவில் இரண்டும் தொடர்கின்றன.

ஐயத்தின் பலன் யாருக்கு?

வாசிப்பு ஒத்துப்போன பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. டாலரன்ஸ் 0.05, அளந்தது 0.047, அளவீட்டின் ஐயப்பாடு ±0.006. 1998இன் ஐஎஸ்ஓ 14253-1 சொன்ன விதிப்படி, சரி என்று நிரூபிக்க விரும்புபவர் தன் ஐயப்பாட்டைக் கழிக்க வேண்டும்: 0.044க்கு மேல் போனால் செய்தவர் 'சரி' என்று சொல்ல முடியாது. தவறு என்று நிரூபிக்க விரும்பும் வாங்குபவருக்கு 0.056 வேண்டும். நடுவிலுள்ள பாகங்கள் யாருக்கும் சொந்தமில்லை. 2017 பதிப்பு இதை 95 விழுக்காடு நிகழ்தகவு என்ற மொழிக்கு மாற்றியது. அமெரிக்க பி89.7.3.1 எளிய ஏற்புக்கு இடம் தருகிறது: கருவி போதுமான அளவு நுட்பமானதாக இருந்தால் எல்லைக்குள் உள்ளது எல்லாம் சரி. ஐஎஸ்ஓ/ஐஇசி 17025இன் 2017 பதிப்பு, எந்த விதியைக் கையாள்கிறோம் என்பதை ஆய்வகம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

இந்த விதிகள் வாசிப்பு ஒன்றே என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன. மேலே பார்த்த டேட்டம் ஆட்டத்தில் 0.048 மாறும் பாகத்துக்கு 0.006 என்று ஐயப்பாடு எழுதுவது கணக்கில் சரி, பொருளில் வெறுமை.

தீராதவை

பொருத்தம்தான் நோக்கம் என்ற இடத்தில் டெய்லரின் வாசிப்பே வலுவானது. எம்எம்சி கட்டங்களில் பரப்பு முதன்மை என்பதை ஏற்காத மென்பொருளின் எண்ணைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்வது சரியாகத் தோன்றவில்லை. பொருத்தம் நோக்கமல்லாத இடங்களில், சுழலும் தண்டின் சமநிலை, கசிவு தடுக்கும் முகம் போன்றவற்றில், எந்தக் கணிதப் பொருத்தல் செயல்பாட்டுக்கு நெருக்கமானது என்பதற்குப் பொதுவான பதில் இல்லை. ஆடும் டேட்டத்துக்கு இரு தரநிலைகளும் தலா ஒரு தீர்வுக்கு வந்திருந்தாலும் அந்த இரண்டு தீர்வுகளும் ஒன்றாகவில்லை. எத்தனை புள்ளி என்ற கேள்வியோ, வடிவமைப்பு மேஜைக்கும் ஆய்வு மேஜைக்கும் நடுவே யாரும் ஏற்றுக்கொள்ளாமல் கிடக்கிறது.

இவை தீரும்வரை ஆய்வறை செய்யக்கூடியவை இரண்டு உண்டு. தலைப்புக் கட்டத்தில் தரநிலையின் பெயரும் ஆண்டும் இல்லாத டிராயிங்கை அளக்கத் தொடங்காமல் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் டேட்டம் எப்படி எடுக்கப்பட்டது, எத்தனை புள்ளி, எந்தப் பொருத்தல் என்ற மூன்றையும் எழுத வேண்டும்.